ராஜபாளையமா, சிப்பிப்பாறையா?

கேள்வி: வயதான பெற்றோர், பள்ளி செல்லும் பிள்ளைகள், சின்ன முற்றம். இப்படிப்பட்ட வீட்டுக்கு ராஜபாளையம் நாய் ஏற்றதா, சிப்பிப்பாறை ஏற்றதா?

பதில்: ராஜபாளையத்துக்குக் காவல் முதல் வேலை, சிப்பிப்பாறைக்கு ஓட்டம்தான் உயிர். பால்வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட ராஜபாளையம் தோளுயரம் இரண்டடியைத் தாண்டும். காட்டுப்பன்றி வேட்டைக்குப் பழக்கப்பட்ட வலு அதற்கு. 2005-இல் இந்திய அஞ்சல்தலையிலும் இடம்பெற்ற இனம் இது. வீட்டாரிடம் குழைந்தாலும் அந்நியரை லேசில் ஏற்காது. பிள்ளைகளின் தோழர்கள் ஓடியாடி வந்துபோகும் வீட்டில் இந்தக் குணம் பெரும் தொல்லை. சங்கிலியை ஒரே இழுப்பில் இழுத்தால் முதியவர் விழுந்துவிடுவார். சுற்றுச்சுவருள்ள தோட்ட வீடே அதற்குப் பொருத்தம்.

வாங்கும்போது குட்டியின் காதைச் சோதிப்பது மிக அவசியம். உடலை வெள்ளையாக்கும் அதே நிறமிக் குறைபாடு உட்காதையும் பாதிப்பதால் சில குட்டிகள் செவிடாகவே பிறக்கின்றன. குட்டி பார்க்காதபோது பின்னாலிருந்து கைதட்டினால் ஓரளவு தெரியும். உறுதிப்படுத்த மருத்துவப் பரிசோதனை வேண்டும்.

சிப்பிப்பாறை மெலிந்த உடல், குட்டை ரோமம், முயலைத் துரத்திய கால்கள். வெயிலைத் தாங்கும், சீவிவிடும் வேலையும் குறைவு. ஆனால் கோழி, பூனை எது ஓடினாலும் பாய்ந்துவிடும். தாழ்ந்த மதிலைத் தாண்டிவிடும். வீட்டில் ஓர் இளைஞர் தினமும் காலையும் மாலையும் அதை ஓடவிட முடியுமானால், கேட்ட வீட்டுக்குச் சிப்பிப்பாறையே மேல். அதற்கு ஆளில்லையென்றால் இரண்டுமே வேண்டாம்; கட்டிப்போட்ட வேட்டைநாய் குரைத்தே வாடும்.