மாறிவிடாதீர்கள், ஐயா!

அனுப்புநர்:
டி.டி.பி. கடைக்காரன், மலைக்கோவில் பாதை, சிதறால், கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
அரசு அலுவலகங்களுக்குக் கணினி வாங்கும் கோப்பில் கடைசியாகக் கையெழுத்துப் போடும் ஐயா அவர்கள்.

பொருள்: ஓப்பன் சோர்ஸ் எனப்படும் கட்டற்ற மென்பொருளுக்கு மாறாமல் இருப்பதற்கு நன்றி தெரிவித்தல், இனியும் மாறாதிருக்க வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: தங்கள் ஆணைகள். (தாங்கள் பார்த்தீர்களா என்று தெரியவில்லை.)

ஐயா,

சிதறால் மலைக்கோவிலைப் பார்க்க வருகிறவர்கள் வண்டியை விட்டு இறங்கியதும் கட்டன்சாயா எங்கே கிடைக்கும் என்று கேட்பார்கள். அடுத்து, மேலே ஏற எவ்வளவு நேரமாகும் என்று கேட்பார்கள். இரண்டு கேள்விக்கும் பதில் சொல்கிற கடை என்னுடையது. இரண்டு கணினி, ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு லேமினேஷன் மெஷின், மழைக்கு ஒழுகாத ஒரு மூலை. இதை வைத்து இருபது வருடத்துக்கும் மேலாகக் குடும்பம் நடத்துகிறேன். நடத்த முடிந்ததற்குத் தாங்கள்தான் காரணம்.

எங்கள் பக்கம் ரப்பர் அதிகம். ஒரு மரத்தை நட்டு ஏழு வருடம் பொறுத்திருந்தால், அப்புறம் இருபது இருபத்தைந்து வருடம் ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டிப் பால் எடுக்கலாம். மரம் வாய் திறக்காது. அரசு அலுவலகக் கணினி அந்த ஜாதி மரம். நான் அதன் அடியில் சிரட்டை கட்டிவிட்டு உட்கார்ந்திருப்பவன்.

முதல் வெட்டு எழுத்துருவில். போன மாதம் மகளிர் குழுத் தலைவி ஒருவர் பென்டிரைவோடு வந்தார். ஓர் அலுவலகத்தில் தட்டிக் கொடுத்த கடிதம், இன்னோர் அலுவலகத்தில் போய்த் திறந்தால் ஒரே கந்தரகோலம். என் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, “இது என்ன பாஷையாக்கும், மக்களே?” என்றார்.

தமிழ்தான், அக்கா. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் ‘அம்மா’ என்று தட்டினால் கணினிக்குள் அம்மா போவதில்லை. எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஐந்து ஆங்கிலக் குறிகள் போகும். அந்த எழுத்துரு இருக்கிற கணினியில் அது அம்மா. இல்லாத கணினியில் அந்த ஐந்து குறிகள், அவ்வளவே. தமிழுக்கென்று யூனிகோடில் 1991லேயே தனியிடம் ஒதுக்கிவிட்டார்கள். ஆனாலும் இந்த மாதிரிக் கோப்புகள் என் கடை வாசலுக்கு வருவது நிற்கவில்லை. பக்கத்துக்கு 20 ரூபாய் வாங்கிக்கொண்டு யூனிகோடுக்கு மாற்றிக் கொடுக்கிறேன். மாற்றுகிற கருவி இலவசம். யாரோ ஒரு தமிழர் எழுதி, எல்லாரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று சும்மா போட்டு வைத்தது. அதை நான் யாரிடமும் சொல்வதில்லை.

இரண்டாவது வெட்டு வைரஸ். அதைப் பற்றி விரிவாக எழுதினால் தொழில் ரகசியம் போய்விடும். பென்டிரைவ் ஊர் சுற்றும், வைரஸ் கூடவே சுற்றும், கடைசியில் எல்லாம் என்னிடம் வரும். ஃபார்மட் செய்து விண்டோஸ் ஏற்றிக் கொடுப்பேன். உரிமம் பற்றி வாடிக்கையாளர் கேட்பதில்லை, நான் சொல்வதில்லை. எங்கள் இருவருக்கும் நல்ல புரிதல்.

ஆனால் ஐயா, தாங்களும் சில முறை என் வயிற்றில் அடிக்கப் பார்த்தீர்கள். 2007 வாக்கில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம், சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, தன் சொந்த அலுவலகத்தையே சூசே லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்துக்கு மாற்றிக் காட்டியது. செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்து தாலுகா, அடுத்து பஞ்சாயத்து, அடுத்து என் கடை மூடல் என்று கணக்குப் போட்டேன். பிறகு அவர் வேறு பணிக்குப் போனார். நான் சாப்பிட உட்கார்ந்தேன்.

2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த வேளையில், அரசு அலுவலகங்களில் இனி யூனிகோடு, டேஸ்16 என்ற குறியீட்டு முறைகள்தான் என்று ஆணை வந்தது. போச்சு, என் 20 ரூபாய் போச்சு என்று நினைத்தேன். மகளிர் குழுத் தலைவி வந்தது போன மாதம். மீதியைத் தாங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

2011இல் பிள்ளைகளுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கினீர்கள். முதலில் வந்தவற்றில் விண்டோசோடு லினக்சும் இருந்தது. நான் பயந்தது வீண். கணினியைப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு பிள்ளைகள் கடைக்கு ஓடி வந்தார்கள். “அண்ணா, இதுல இன்னொண்ணு கிடக்கு, அத அழிச்சுட்டு இடம் ஆக்கித் தாங்க. படம் ஏத்தணும்.” ஆளுக்கு 50 ரூபாய். அரசு காசு போட்டு ஏற்றிய லினக்சை, அப்பன்மார் காசில் நான் அழித்தேன். அந்தப் பிள்ளைகளைக் குற்றம் சொல்ல முடியாது. அது என்ன, அதை வைத்து என்ன செய்யலாம் என்று அவர்களுக்கு யாரும் ஒரு வகுப்புகூட எடுத்ததாகத் தெரியவில்லை.

2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றது. அதையொட்டி, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்சுக்கு மாறச் சொன்னீர்கள். ஏற்கெனவே ஒவ்வோர் அலுவலகத்திலும் ஒரு பாஸ் இருக்கிறார், இரண்டாவது பாஸை யார் உள்ளே விடுவார்கள்? 2015இல் மத்திய அரசும் ஒரு கொள்கை வெளியிட்டது: அரசு வாங்கும் மென்பொருளில் ஓப்பன் சோர்சுக்கே முன்னுரிமை, வேண்டாமென்றால் காரணம் சொல்ல வேண்டும் என்று. காரணமா இல்லை நம்மிடம்? தேவைப்பட்டால் நானே டி.டி.பி. செய்து தருகிறேன். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் விண்டோசில்தான் ஓடும். பழைய ஸ்கேனருக்கு டிரைவர் கிடைக்காது. பணியாளர்களுக்குப் பழக்கமில்லை. இதில் முதல் இரண்டும் ஓரளவு உண்மை என்பதால் கோப்பில் நன்றாக நிற்கும்.

என் உண்மையான கவலை வடக்கிலிருந்து இல்லை, மேற்கிலிருந்து. மார்த்தாண்டத்தில் பஸ் ஏறினால் அரைமணி நேரத்தில் களியக்காவிளை, தாண்டினால் கேரளா. அங்கே 2001இல் பள்ளிகளுக்கென்று ஐ.டி. அட் ஸ்கூல் என்றொரு திட்டம் தொடங்கினார்கள். அதே ஆண்டு திருவனந்தபுரத்தில் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்து, கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்தியக் கிளையைத் தொடங்கி வைத்தார். மெல்ல மெல்லப் பள்ளிக் கணினிகள் எல்லாம் லினக்ஸ். பத்தாம் வகுப்பில் ஐ.டி. தேர்வே அதில்தான். உரிமக் கட்டணத்தில் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று அவர்களே கணக்குச் சொல்கிறார்கள். அந்தத் தொகையில் கொஞ்சம் பெருமையும் கலந்திருக்கலாம், விடுங்கள். நான் பயப்படுவது அவர்கள் செய்த இன்னொரு வேலைக்கு: சிடியைக் கொடுத்துவிட்டுப் போகாமல், வாத்தியார்களை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆணையை அமல்படுத்த இப்படி ஒரு வழி இருப்பது தங்கள் காதுக்கு எட்டக் கூடாது என்று பகவதியை வேண்டிக்கொள்கிறேன். 1956 நவம்பர் 1ஆம் தேதி நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்ததற்கு ஊரே சந்தோஷப்பட்டது. என் சந்தோஷத்துக்கு மட்டும் இப்படியொரு கூடுதல் காரணம்.

ஆனால் எல்லை எத்தனை நாள் தாங்கும்? என் தங்கச்சியை எல்லைக்கு அப்பால் பாறசாலையில் கட்டிக் கொடுத்திருக்கிறது. அவள் மகள் ஒன்பதாம் வகுப்பு. ஓண விடுமுறைக்கு வந்தவள் கடையில் உட்கார்ந்து ஏத்தன்காய் உப்பேரி தின்றுகொண்டே கேட்டாள்: “மாமா, இந்த விண்டோசுக்கு லைசென்ஸ் உண்டா?”

“உண்டு மக்களே.”

“எங்க, காட்டுங்க.”

கடையில் நாலு பேர் நின்றார்கள், ஐயா. மூலையில் தூசி பிடித்துக் கிடந்த பழைய கணினியை இழுத்து வைத்து, லினக்ஸ் ஏற்றிய ஒரு பென்டிரைவைச் செருகி, சாயா ஆறுவதற்குள் வேலையைத் தொடங்கிவிட்டாள். செத்துப்போச்சு என்று ஆக்கருக்குப் போட எடுத்து வைத்திருந்த பெட்டி, எழுந்து உட்கார்ந்தது. பிரிண்டர் மட்டும் மக்கர் பண்ணியது. அவள் ஊருக்குப் போய்விட்டாள். வேறு வழியில்லாமல் இணையத்தில் தமிழ் லினக்ஸ்காரர்கள் கூடிப் பேசுகிற இடத்தில் போய்க் கேட்டேன்: பிரிண்டர் வேலை செய்யவில்லை, உதவவும்.

முதலில் திட்டுதான் கிடைத்தது. பேச்சைப் பார்த்தால் யாழ்ப்பாணத்துக்காரர். “மொடல் இலக்கம் தராமல் நான் என்னெண்டு சொல்லுறது?” நியாயம்தான். என்னிடம் வருகிறவர்களை நானும் இதைத்தான் கேட்பேன். மாடலைச் சொன்னேன். என்ன வெர்ஷன், திரையில் என்ன பிழை வருகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ராத்திரி பதினொன்றரை மணிக்குப் பிரிண்டரை ஓடவைத்துவிட்டுத்தான் போனார். எவ்வளவு தரணும் என்றேன். பதிலே இல்லை, தூங்கப் போய்விட்டார்.

இதுதான் அபாயம். தமிழில் தட்ட உதவும் இ-கலப்பையைத் தந்த முகுந்தராஜும் ‘தமிழா’ குழுவினரும் இந்த ஜாதிதான். 2012 முதல் ‘கணியம்’ என்ற பெயரில் இந்த விஷயங்களைத் தமிழில் எழுதியும் எழுதவைத்தும் வருகிற த. சீனிவாசனும் அதே ஜாதி. டெண்டர் இல்லை, படி இல்லை, மேலதிகாரி வழியாக அனுப்புக என்ற குறிப்பு இல்லை. ஒருவர் கேட்கிறார், தெரிந்தவர் சொல்கிறார், அந்தப் பதில் அடுத்தவருக்காக அங்கேயே கிடக்கிறது. தொற்றுநோய். எனக்கே தொற்றிவிட்டது. லினக்சில் ஒரு மெனுவில் தமிழ் தப்பாக இருந்தது. பொறுக்கமாட்டாமல் திருத்தி அனுப்பினேன். ஓர் ஒற்றெழுத்துக்காக மூன்று நாள் சண்டை. ஒரு ரூபாய் வருமானமில்லை. கடை வாசலில் ஆள் நிற்பதைக்கூடக் கவனிக்கவில்லை என்று வீட்டில் ஏச்சு. இது அலுவலகங்களுக்குள் புகுந்தால் என்னவாகும்? ஒரு கிளார்க் கண்டுபிடித்ததை இன்னொரு தாலுகா கிளார்க்கிடம் நேராகச் சொல்லிவிடுவார்!

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடையடைத்துவிட்டு மலைக்கோவிலுக்கு ஏறுவேன். தொங்குகிற பெரும்பாறைக்கு அடியில் சமணத் தீர்த்தங்கரர்கள் வரிசையாக இருக்கிறார்கள். அங்கே வட்டெழுத்தில் ஒரு கல்வெட்டு: ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில், அரட்டநேமி படாரரின் மாணாக்கி குணந்தாங்கி குரத்திகள் இங்குள்ள பட்டாரி என்ற பெண் தெய்வத்துக்குப் பொன் அணிகலன் கொடுத்த செய்தி. ஆயிரம் வருடத்துக்கும் மேல் பழையது. வட்டெழுத்து எனக்குத் தெரியாது. ஆனால் கற்றவர் யார் வந்தாலும் படிக்கலாம், கல் கடவுச்சொல் கேட்பதில்லை. கீழே என் கடையில், 2004இல் நானே தட்டிய ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நகல் சிடியில் இருக்கிறது. அந்த எழுத்துருவும் இப்போது இல்லை, விற்ற கடையும் இல்லை. அண்ணன் தம்பி இரண்டு பேரும் வருடத்துக்கு ஒருமுறை வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அவர்களிடம் மட்டும் என்னால் காசு வாங்க முடியவில்லை.

எனவே, ஐயா, ஆணைகளை இப்போதுபோலவே பத்திரமாகக் கோப்பில் வைத்திருக்கும்படியும், யாருக்கும் பயிற்சி கொடுத்துவிடாதபடியும், பாறசாலைப் பிள்ளைகளை அலுவலகப் பக்கம் அண்டவிடாதபடியும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நிழலில் வாழும் டி.டி.பி. கடைக்காரன்.

இணைப்பு: இந்தக் கடிதம், யூனிகோடில், லிப்ரே ஆபீசில் தட்டியது. தங்கள் அலுவலகக் கணினியில் திறக்காவிட்டால் பென்டிரைவோடு ஆள் அனுப்பவும். பக்கத்துக்கு 20 ரூபாய். ரசீது உண்டு.