வாசல் அகலும், ஒவ்வாமை அகலுமா?

மூக்கு, சைனஸ், ஆப்ரேஷன் பற்றி மலாக்கா வாசகர்கள் கேட்டவை.

பல வருடமாகத் தும்மல், மூக்கடைப்பு. ஒரு ஆப்ரேஷன் செய்தால் அலர்ஜி அடியோடு போய்விடும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். போகுமா?
– வாசகர், ஜாசின்

போகாது. ஒவ்வாமை குடியிருப்பது மூக்கில் அல்ல, உடலின் நோய் எதிர்ப்பு மண்டலத்தில். மெத்தையில் வாழும் தூசி உண்ணியின் கழிவைப் பகைவன் என்று எண்ணிப் போர் தொடுப்பது அதுதான். அங்கே கத்தி எட்டாது. அறுவை சிகிச்சை வாசலை அகலப்படுத்தும். வீட்டுக்குள் இருப்பவரின் கோபத்தைத் தணிக்காது. வாசல் அகன்றால் மூச்சு சீராக ஓடும், ஸ்பிரே உள்ளே போய்ச் சேரும், இரவில் தூக்கம் வரும். அந்த அளவுக்கு எதிர்பார்த்தால் ஏமாற மாட்டீர்கள். தும்மலுக்கும் கண் அரிப்புக்கும் மருந்துதான் வழி.

அப்படியானால் யாருக்குத்தான் ஆப்ரேஷன்?
– வாசகி, அலோர் காஜா

மூக்கின் நடுத்தண்டு வளைந்து, எப்போதும் ஒரே பக்கம் அடைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு. பக்கச் சுவரின் சதை மடிப்பு வீங்கி, மருந்துக்கும் அடங்காதவர்களுக்கு. 12 வாரத்துக்கு மேல் நீடிக்கும் சைனஸ் அழற்சி, முறையான மருந்து எடுத்தும் தீராதவர்களுக்கு. ‘மூக்கிலே சதை வளர்ந்திருக்கு’ என்கிறோமே, அந்தப் பாலிப் உள்ளவர்களில் பலருக்கும்.

‘எலும்பு வளைந்திருக்கு’ என்ற ஒரு வார்த்தையைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். நடுத்தண்டு நூல் பிடித்தாற்போல் நேராக இருப்பவர்கள் குறைவு. வளைந்தும் தொல்லையில்லாமல் வாழ்பவர்கள் ஏராளம். நீங்களே கவனித்துப் பாருங்கள். இப்போது இடது பக்கம், சற்று நேரத்தில் வலது பக்கம் என்று அடைப்பு மாறி மாறி வந்தால், பெரும்பாலும் அது சதை வீக்கம். மருந்துக்கு வழி இருக்கிறது. எந்நேரமும் ஒரே பக்கம் என்றால் உள்ளே கருவி விட்டுப் பார்த்தே ஆகவேண்டும்.

பாலிப்பை எடுத்த பிறகும் அது மறுபடி வளரக்கூடும். ஆப்ரேஷனுக்குப் பின்னும் ஸ்பிரேயும் உப்புநீர்க் கழுவலும் தொடர வேண்டும் என்பதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பாலிப்போடு ஆஸ்துமாவும் இருந்து, ஆஸ்பிரின் வகை வலி மாத்திரை போட்டால் இளைப்பு வருகிறதா? அதை டாக்டரிடம் சொல்லாமல் இருக்காதீர்கள்.

மூக்கு ஸ்பிரே மூன்று நாள் அடித்தேன். ஒன்றும் கேட்கவில்லை; விட்டுவிட்டேன்.
– வாசகர், மஸ்ஜித் தானா

கேட்பதற்குள் நிறுத்திவிட்டீர்கள். ஸ்டீராய்டு ஸ்பிரே முழுப் பலன் காட்ட இரண்டு வாரம்கூட ஆகும். தினமும் அடிக்க வேண்டும். தலையைச் சற்றே முன்னே குனியுங்கள். வலது கையால் இடது துளையிலும், இடது கையால் வலது துளையிலும் அடியுங்கள். முனை நடுத்தண்டைப் பார்க்கக் கூடாது, கண்ணின் வெளி ஓரத்தைப் பார்க்க வேண்டும். அடித்ததும் பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும், மெல்ல மூச்சிழுங்கள். ‘மருந்து கேட்கவில்லை, ஆப்ரேஷன்தான்’ என்று முடிவு கட்டுமுன் இந்தப் பரீட்சையை ஒழுங்காக எழுதுங்கள்.

அடைப்பை ஐந்தே நிமிடத்தில் திறந்துவிடும் சொட்டு மருந்து வேறு. அதை மூன்று நான்கு நாளுக்கு மேல் விட்டால், மருந்தே அடைப்புக்குக் காரணமாகிவிடும்.

செம்பனைத் தோட்டத்தில் மருந்து அடிக்கும் வேலை. மூக்கு எரிகிறது, நீராக ஒழுகுகிறது. ஆப்ரேஷன் செய்துகொள்ளலாமா?
– வாசகி, மெர்லிமாவ்

அம்மா, உங்கள் மூக்குக்கு முன்னால் உங்கள் வேலையைக் கவனிக்க வேண்டும். களைக்கொல்லியின் நுண்துளி மூக்கின் உட்தோலை எரிக்கிறது. இது ஒவ்வாமையாக இல்லாமல் நேரடிப் புண்ணாகவும் இருக்கலாம். ஆப்ரேஷன் செய்துவிட்டு அதே தூறலுக்குள் திரும்பினால் அந்தச் சிகிச்சை வீண். பாராகுவாட் என்ற கொடிய களைக்கொல்லியை மலேசியா 2020 ஜனவரி 1 முதல் தடைசெய்தது. ஆனால் மற்றவை பழச்சாறு அல்ல. தகுந்த முகமூடியும் கையுறையும் தர வேண்டியது முதலாளியின் கடமை, 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. சேலைத் தலைப்பையும் துண்டையும் மூக்கில் கட்டுவது முகமூடி ஆகாது. கேட்டு வாங்குங்கள். தனியாகக் கேட்கத் தயங்கினால் நான்கு பேராகச் சேர்ந்து கேளுங்கள். டாக்டரிடம் போகும்போது மருந்து டப்பாவின் பெயரை எழுதிக்கொண்டு போங்கள்.

ரப்பர் கையுறை போட்டால் கை அரிக்கிறது, தும்மல் வருகிறது. பால்மரம் வெட்டிய குடும்பத்துக்கே ரப்பர் ஆகாமல் போகுமா?
– வாசகி, புக்கிட் அசாஹான்

ஆகாமல் போகலாம். 1896இல் டான் சாய் யான் என்பவர் மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டத்தைப் போட்டது இதே மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில். அன்று முதல் நம்மவர்கள் கையாண்ட ரப்பர் பாலில் உள்ள புரதம் சிலருக்கு ஒவ்வாமை தரும். வாழைப்பழம், பப்பாளி, அவக்காடோ தின்றால் வாய் அரிக்கிறதா என்றும் பாருங்கள். ரப்பர் ஒவ்வாமை உள்ள சிலருக்கு அவையும் சேராது. முக்கியமான செய்தி இதுதான்: எந்த அறுவை சிகிச்சைக்கும் முன்னால், ரப்பர் கையுறை ஒத்துக்கொள்ளாது என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ரப்பர் இல்லாத கையுறை இருக்கிறது. சொல்லாமல் மேசையில் படுத்தால் உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

வேரோடு அறுக்க வழியே இல்லையா?
– வாசகர், டுரியான் துங்கால்

வேரைத் தொடுவது ஒன்று உண்டு. ஒவ்வாத பொருளையே சிறுகச் சிறுக ஊசியாகவோ நாக்கடியிலோ கொடுத்து உடலைப் பழக்குவது. மூன்று ஆண்டு முதல் ஐந்து ஆண்டு பொறுமை வேண்டும்; எல்லாருக்கும் பொருந்தாது. அதுவரை தூசியைக் குறைக்க இலவம்பஞ்சுத் தலையணையை மாற்றுங்கள், உறையை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவையுங்கள், மின்விசிறி இறக்கையைத் துடையுங்கள்.

சாம்பிராணி போடாமல் வெள்ளிக்கிழமை எப்படி?
– வாசகி, செங்

விளக்கேற்றுங்கள். பூ வையுங்கள். புகையைக் கடவுள் கட்டாயம் கேட்கவில்லை, உங்கள் மூக்கு கட்டாயம் மறுக்கிறது. கொசுவத்தியும் அப்படியே.

பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் ‘ரெஸ்டுங்’ எனும் மூக்கு நோயைப் போக்கும் புகை மருந்து விற்கிறார்களே?
– வாசகர், பூலாவ் செபாங்

வீங்கிய மூக்கில் புகை விட்டால் இன்னும் வீங்கும். காசை வைத்துக்கொள்ளுங்கள். கொதித்து ஆறிய நீர் ஒரு கோப்பையில் அரைத் தேக்கரண்டி உப்புக் கரைத்துக் கழுவுங்கள். பச்சைக் குழாய்நீர் மட்டும் வேண்டாம்.

மூக்கு அறுவை சிகிச்சையே இந்தியக் கலை என்கிறார் தாத்தா. உண்மையா?
– மாணவர், காஜா பெராங்

உண்மை. அறுபட்ட மூக்கைத் தோல் எடுத்து ஒட்டிச் செய்யும் முறையைச் பண்டைய இந்திய மருத்துவர் சுஸ்ருதர் எழுதிவைத்தார். பூனாவில் நடந்த அப்படியொரு சிகிச்சை 1794இல் லண்டன் இதழில் வெளிவந்தது. அதைப் படித்தே கார்ப்பூ என்ற ஆங்கில மருத்துவர் 1814இல் செய்து பார்த்தார். ஆனால் அது வெளிமூக்கைக் கட்டும் கலை. இன்றைய சைனஸ் ஆப்ரேஷன் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் மெஸ்ஸர்கிளிங்கர் செய்த ஆய்விலிருந்து வளர்ந்தது. மெல்லிய உள்நோக்குக் குழாயை மூக்குத்துளை வழியாகவே விட்டு, அடைபட்ட சைனஸ் வாயைத் திறப்பார்கள். முகத்தில் தழும்பு விழாது. கண்ணும் மூளையும் பக்கத்தில் இருப்பதால் முதலில் சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள், அது இல்லாமல் சைனஸ் ஆப்ரேஷனுக்குத் தேதி குறிப்பவரிடம் காரணம் கேளுங்கள்.

மூக்கை அழகாக்கினால் சைனஸும் சரியாகுமா?
– வாசகி, மலாக்கா நகர்

ஆகாது. அளவுக்கு மீறிக் குறுக்கினால் மூச்சும் குறுகும்.

எட்டு வயது மகன் வாயைத் திறந்தபடி தூங்குகிறான், குறட்டை விடுகிறான். ஆப்ரேஷனா?
– தாய், மச்சாப்

பிள்ளைகளுக்கு மூக்கின் பின்னால் அடினாய்டு சதை பெருத்திருக்கலாம். முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். தேவையென்றால் அதை எடுப்பது சாதாரண சிகிச்சைதான். நடுத்தண்டை மட்டும் முகம் வளர்ந்து முடியும்வரை பெரும்பாலும் தொட மாட்டார்கள். வகுப்பில் தூங்கி வழிகிறான் என்று அவனைத் திட்டாதீர்கள். இரவில் அவன் தூங்கவே இல்லை.

செலவுக்குப் பயந்து போகாமல் இருக்கிறேன்.
– வாசகர், செலாண்டார்

அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் 1 வெள்ளி. அங்கே கடிதம் வாங்கிக்கொண்டு மலாக்கா மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போங்கள். நிபுணரைப் பார்க்கவும் கட்டணம் குறைவுதான். ஆப்ரேஷனுக்குக் காத்திருக்க நேரிடும். அந்த நாட்களில் ஸ்பிரேயை ஒழுங்காக அடியுங்கள். ஆப்ரேஷன் முடிந்தபின் செம்பனைக் குலை வெட்டவும் பாரம் தூக்கவும் ஓரிரு வாரம் கூடாது, மருத்துவ விடுப்புச் சான்று (எம்.சி.) கேட்டு வாங்குங்கள்.

அப்பாவுக்கு ஒரு பக்க மூக்கில் அடைப்பு, சளியில் ரத்தம், கழுத்தில் சிறு கட்டி. சைனஸ் என்று தைலம் தேய்க்கிறார்.
– மகள், தெபோங்

தைலத்தை மூடி வையுங்கள். மூக்குக்குப் பின்னால் வரும் புற்றுநோய் இப்படியும் தொடங்கும். மலேசியாவில் அது அரிதல்ல. வேறு காரணமாகவும் இருக்கலாம், ஆனால் பார்க்காமல் சொல்ல முடியாது. தொடக்கத்திலேயே கண்டால் குணமாக நல்ல வாய்ப்பு உண்டு. தீபாவளி கழியட்டும், சம்பளம் வரட்டும் என்று தள்ளாதீர்கள். நாளைக் காலையே அப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கள்.