மறதியும் ஞாபகமும்

கேள்வி: 60 வயதைத் தாண்டியவர்கள் எல்லாரும் "ஞாபகசக்தியே போய்விட்டது" என்று புலம்புகிறார்களே, அது நிஜமா, மனப்பிரமையா?

பதில்: நெற்றிமேல் ஏற்றிவிட்ட கண்ணாடியை வீடெல்லாம் தேடி அலுக்கும் பாட்டி, 50 வருஷங்களுக்கு முன் தம் கல்யாணப் பந்தியில் எந்தச் சம்பந்திக்கு அப்பளம் வைக்க மறந்தார்கள் என்பதைப் பெயரோடும் ஊரோடும் சொல்கிறாரே, அந்த ஞாபகத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? 1855-ல் பிறந்த உ.வே. சாமிநாதையர், தம் பால்யத்தையும் குருநாதர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்ட நாட்களையும் விஸ்தாரமாக நினைவுகூர்ந்து, 'என் சரித்திர'த்தை ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கியது 1940-ல்!

பெயர் நாவில் வரத் தாமதிப்பது வயோதிகத்தின் சுபாவம். அதற்காக மனம் கலங்க வேண்டாம். பழகிய வீதியிலேயே வழி தெரியாமல் நின்றால் மட்டும், தாமதியாமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.