கலோரிக் கணக்குப்பிள்ளை

கணக்கு எழுதுவதில் புதுச்சேரிக்காரர்களை மிஞ்ச ஆள் கிடையாது. பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேயிடம் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736இல் நாட்குறிப்பு எழுதத் தொடங்கி, 1761இல் கண்மூடும் காலம்வரை எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, எந்தச் சண்டை மூண்டது, யாருக்கு எவ்வளவு பாக்கி, எல்லாம் அதில் உண்டு. இன்றைக்கு அதே ஊரில் தெருவுக்கு ஒருவர் நாட்குறிப்பு எழுதுகிறார், கைபேசியில். கப்பலும் கவர்னரும் அதில் வரமாட்டார்கள். ‘காலை 7.40: இட்லி 2, சாம்பார் அரைக் கிண்ணம்’ என்றுதான் வரும்.

இவருக்கு வயது ஐம்பதுக்கு மேல். அரசு வேலை, அல்லது அதிலிருந்து ஓய்வு. போன வருஷம் ரத்தப் பரிசோதனைத் தாளில் இரண்டு மூன்று இடத்தில் கறுப்பு மையில் தடித்த எழுத்து. “எடையைக் கொஞ்சம் குறைங்க” என்று டாக்டர் சொன்னது ஒரே வரி. அந்த ஒரு வரிக்கு இவர் எழுதும் உரை இன்னும் முடியவில்லை. பாரிசிலிருந்து வந்த மைத்துனர் கொடுத்த கைக்கடிகாரம் மணிக்கட்டில் மின்னுகிறது. அது மணி காட்டுவதை யாரும் பார்த்ததில்லை. கலோரி மட்டும்தான் காட்டும்.

காலை ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையில் ஆஜர். ஏழரை வரைக்கும் அங்கே வண்டிகள் வராது என்பதால் சாலை முழுக்க இவர் ராஜ்ஜியம். காந்தி சிலையிலிருந்து துய்ப்ளே சிலை வரை நடப்பதாக ஏற்பாடு. நடுவில் பென்ஷன், கட்சி மாறியவர்கள், பெண்ணுக்கு வரன் என்று மூன்று இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. கடைசியில் கடிகாரம் நூற்றுப்பத்து கலோரி என்று சொல்லும். உடனே முகத்தில் சம்பளம் வாங்கிய களை வந்துவிடும். சம்பாதித்ததைச் செலவழிக்காமல் வீட்டுக்குப் போவது எப்படி? வழியில் ஒரு மெதுவடை, ஒரு காபி. வடை ஒன்றே அந்த நூற்றுப்பத்தைக் காலி பண்ணிவிடும். காபிக்குப் போட்ட சர்க்கரை கடன் கணக்கு.

ஆனால் அது நாட்குறிப்பில் ஏறாது. ஏனென்றால் இவருடைய கணக்கியலுக்குத் தனிச் சட்டங்கள் உண்டு. நின்றுகொண்டு தின்றது சாப்பாடு ஆகாது. பேரன் தட்டில் மிச்சம் வைத்த பூரி, பேரன் கணக்கு. கல்யாணப் பந்தியில் சாப்பிட்டது, பெண் வீட்டார் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம் வறுவலுக்குக் கணக்கே கிடையாது. அது பரம்பரை பாத்தியதை. கண்ணாடி டம்ளரில் வருவதெல்லாம் தண்ணீர் வகை. பெரிய பாட்டில் பீர் ஒன்றில் ஐந்தாறு இட்லிக்கான கலோரி இருக்கிறது என்று யாராவது சொன்னால், “அது ஜீரணத்துக்கு” என்று பேச்சை மாற்றிவிடுவார்.

எண்ணெயைப் பற்றி இவருக்கு ஒரு தத்துவம் உண்டு: கண்ணுக்குத் தெரியாதது இல்லாதது. கத்தரிக்காய் வறுவலைக் ‘கத்தரிக்காய்’ என்று மட்டும் பதிவு செய்வார். ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி, கொழுப்பில் 9. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரியைத் தொடும். அதாவது, கத்தரிக்காய் அப்பாவி. கூட வந்தவர்தான் குற்றவாளி. கணக்கில் ஏறுவதோ அப்பாவியின் பெயர் மட்டும்.

இதெல்லாம் சின்ன விஷயம். இவருடைய முழு அழகும் உபதேசத்தில்தான்.

“ரொம்ப சுலபம் சார்! ராத்திரிக்கு ஒரு கிண்ணம் சுண்டல், கொஞ்சம் வெள்ளரிக்காய், கீரை, ஒரு கிளாஸ் மோர். ஒரு சிரமமும் கிடையாது. எல்லாரும் ஏன்தான் கஷ்டப்படறாங்களோ!”

உண்மைதான். இவருக்கு ஒரு சிரமமும் கிடையாது. முதல் நாள் இரவே கடலையை ஊறப்போட்டவர், பெரிய மார்க்கெட்டுக்குப் போய்க் கீரைக்கட்டைப் புரட்டிப் பார்த்து வாங்கியவர், அதை உட்கார்ந்து ஆய்ந்தவர், மோரைக் கடைந்தவர் எல்லாம் ஒரே ஆள், இவர் மனைவி. அவரே வீட்டில் மற்றவர்களுக்குத் தனியாகச் சோறும் குழம்பும் வைத்தாக வேண்டும். கணக்குப்பிள்ளைக்குக் கலோரி பாதியானபோது அந்த அம்மாளுக்கு அடுப்பு இரண்டானது.

“ஏங்க, இன்னிக்கு சுண்டலுக்கு ஊறப்போட மறந்துட்டேன்.”

“அதனால என்ன? சுலபமா ஒரு கொழுக்கட்டை பண்ணிடேன். ஆவியிலதானே வேகுது, எண்ணெயே கிடையாது.”

அந்த அம்மாள் பதில் சொல்வதில்லை. அரிசி மாவு டப்பாவை இறக்கி, அவர் முன்னால் வைத்துவிட்டு டி.வி. பார்க்கப் போய்விடுவார். அன்றைய நாட்குறிப்பில் ‘இரவு: வாழைப்பழம் 2’ என்று இருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், அன்றுதான் இவர் சரியாகச் சாப்பிட்டிருக்கிறார். அடுப்பே தேவைப்படாத சாப்பாடு நம் ஊரில் கொட்டிக் கிடக்கிறது. ஒரு வாழைப்பழம் ஏறக்குறைய 100 கலோரி. நூறு கிராம் வெள்ளரி பதினைந்துதான். கொய்யாவைக் கழுவினால் போதும். முட்டையை வேகவைக்கத் தண்ணீர் கொதிப்பதைப் பார்க்கத் தெரிந்தால் போதும். அதில் எழுபது சொச்சம். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியும் சுற்றிவளைக்கவில்லை: தட்டில் பாதி காய், கீரை, பழம் இருக்கட்டும் என்கிறது. பாதித் தட்டை அளக்கக் கடிகாரம் வேண்டாம், கண் போதும்.

ஆகவே கலோரிக் கணக்குப்பிள்ளைமார்களே, கணக்கை விட வேண்டாம். ஒரு பத்தி மட்டும் கூடுதலாகப் போடுங்கள்: ‘செய்தது யார்?’ அந்தப் பத்தியில் ஒரே பெயர் வந்துகொண்டிருந்தால் உங்கள் உணவு சுலபமானது அல்ல, இனாமாக வந்தது. நாளைக்கு வெள்ளரிக்காயை நீங்களே நறுக்குங்கள், கீரையை நீங்களே ஆயுங்கள், பாத்திரத்தையும் நீங்களே தேய்த்துவிடுங்கள். அதற்கும் கலோரி செலவாகும். கடிகாரத்தைக் கழற்றாமல் செய்தால் கணக்கிலும் ஏறும்.