ஐந்நூற்றியோராவது யூனிட்

ஒரு யூனிட் கரண்டுக்கு 233 ரூபாய் என்றால் யாராவது நம்புவார்களா? தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி கணக்குப் போட்டால் அப்படித்தான் வந்தது. வீட்டில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடினால் 1,725 ரூபாய். 501 ஓடினால் 1,958. அந்தக் கடைசி யூனிட்டின் சொந்த விலை எட்டு ரூபாய்தான். ஆனால் 500-ஐத் தாண்டிய வீட்டுக்கு இரண்டாவது நூறு யூனிட்டுக்கான சலுகை போய்விடும். இந்தக் கணக்கை என் மாமனாருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ, அவர்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அதுவரை மாமா பேப்பரும் காபியுமாக இருந்த சாதுவான மனிதர். இப்போது சாய்வு நாற்காலியை மீட்டருக்கு நேராகப் போட்டுக்கொண்டார். எங்கள் மீட்டரில் பொட்டு மாதிரி ஒரு சிவப்பு விளக்கு உண்டு. அது 3200 தடவை கண் சிமிட்டினால் ஒரு யூனிட். அடுக்களையில் மிக்ஸியைப் போட்டால் போதும், வாசலிலிருந்து குரல் வரும்: "என்னம்மா, சட்னியா? இந்த அடி அடிக்குதே!"

தோசைக்குப் பொடி போதும் என்று அர்த்தம்.

அவருடைய சிக்கனமெல்லாம் பல்பின் மேல்தான். கண்ணுக்குத் தெரிவது அது ஒன்றுதானே! அத்தை ஹாலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பார், விளக்கு அணைந்துவிடும். "நான் இன்னும் உயிரோடதான் இருக்கேன்" என்று இருட்டிலிருந்து சத்தம் வந்தால் மறுபடி எரியும். பாவம் அந்த பல்பு, வெறும் 9 வாட். ஒரு யூனிட் தின்ன அதற்கு 111 மணி நேரம் வேண்டும். அதாவது, இரவு பகலாக எரிந்தாலும் நாலரை நாளுக்கு மேல். மாமா பெருமையாகச் சொல்லும் அந்தக் காலத்து 'ஜீரோ வாட்' பல்பே பூஜையறையில் உட்கார்ந்துகொண்டு 15 வாட் வரை இழுத்துக்கொண்டிருந்தது.

இவ்வளவு சிக்கனமும் விடிந்தால் கீசர் சுவிட்சைப் போட்டுவிட்டுத்தான் நடைப்பயிற்சிக்குக் கிளம்பும். கீசர் 2000 வாட். அரை மணி நேரம் விடாமல் சுட்டால் ஒரு யூனிட்டை ஏப்பம் விட்டுவிடும். தண்ணீர் சூடானதும் தானாக நின்றுகொள்ளும் என்பார் மாமா. வாஸ்தவம். ஆறியதும் தானாக எழுந்துகொள்ளும் என்பதும் வாஸ்தவம். பூங்காவில் அரசியல் பேசி முடித்து அவர் திரும்புவதற்குள் அது எத்தனை தடவை விழுந்து எழுந்திருக்குமோ!

நேரே சொல்ல முடியுமா? மாமனார் வெந்நீரில் கை வைத்த மருமகள் என்று கும்பகோணம் வரைக்கும் பெயர் போய்விடும். ஆகவே மீட்டரையே பேசவிட்டேன். ஒரு சாயங்காலம் வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஹால் பல்பை மட்டும் போட்டேன். சிவப்பு விளக்கு இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை, சோம்பேறித்தனமாகச் சிமிட்டியது. மாமா முகத்தில் லேசான ஏமாற்றம். பிறகு கீசரைப் போட்டேன். நொடிக்குக் கிட்டத்தட்ட இரண்டு!

வாசலில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் குரல் வந்தது: "மீட்டர்ல ஏதோ கோளாறு போலிருக்கே."

ஆனாலும் மறுநாள் நடைப்பயிற்சி முடிந்து வந்த பிறகுதான் கீசர் சுவிட்ச் விழுந்தது. அந்தச் சூட்டோடு ஃபேன் விஷயத்தையும் எடுத்தேன். பழைய ஃபேன் 75 வாட். பிஎல்டிசி என்கிற புது ரக ஃபேன் 30 வாட் பக்கம். தினம் 16 மணி நேரம் சுற்றினால் ஒரு ஃபேனிலேயே இரண்டு மாதத்தில் 43 யூனிட் மிச்சம். விலையைக் கேட்டதும் மாமா அத்தையைப் பார்த்தார். அத்தை கீரையைப் பார்த்தார். எப்படியோ ஃபேன் வந்தது. அதற்கு ரிமோட்டும் வந்தது. அது மட்டும் வந்திருக்கக் கூடாது. மாமாவின் சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடியோடு குடித்தனம் நடத்துகிறது. புழுங்கினால் நாங்கள் மனுப் போட வேண்டும். பரிசீலனை முடிந்து ஒரு புள்ளி ஏற்றுவார்.

ரீடிங் எடுக்க ஆள் வந்த அன்று மாமா சலவை வேட்டி கட்டிக்கொண்டு நின்றார். கணக்கு வந்தது: 487.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாமா மட்டும் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா, சந்தோஷம்தானே?"

"பதிமூணு யூனிட் வீணாப் போச்சேம்மா" என்றார். "தெரிஞ்சிருந்தா நேத்து ராத்திரி ஏசி போட்டிருக்கலாமே!"