நெருப்பில்லாமல் புகைந்த கதை

அனுப்புநர்: இரண்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன் ஒருவனின் தாய்.

பெறுநர்: உயர்திரு பள்ளி முதல்வர் அவர்கள்.

பொருள்: நெருப்பில்லாச் சமையல் போட்டி – என் மகனுக்கு ஆறுதல் பரிசும் கிடைக்காதது – நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: டைரியில் ஒட்டி அனுப்பிய தங்கள் சுற்றறிக்கை.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். பார்வையில் கண்ட சுற்றறிக்கையை வீட்டில் மூன்று முறை வாசித்தோம். அடுப்பு கூடாது. கத்தி கூடாது. கண்ணாடிப் பாத்திரம் கூடாது. காயையும் பழத்தையும் வீட்டிலேயே நறுக்கிக்கொண்டு வர வேண்டும். ஆக, சமையலைத் தவிர மற்றதையெல்லாம் மாணவன் செய்யலாம். அலங்காரத்துக்கு 20 மதிப்பெண், மேசை விரிப்புக்கு 5. சுவைக்கு எவ்வளவு என்று கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினேன், அகப்படவில்லை. அதுவும் நியாயம்தான். அத்தனை தட்டையும் தின்று பார்க்க நடுவர்களுக்கு என்ன தலையெழுத்தா?

முதல் பரிசு பெற்ற தர்பூசணி மயிலைப் பார்த்தேன். தோகைக் கண் ஒவ்வொன்றுக்கும் ஒரு கறுப்புத் திராட்சை. ஏழு வயதுக் கை இவ்வளவு திருத்தமாகச் செதுக்குமா என்று வியந்து நின்றேன். பக்கத்தில் அந்தப் பிள்ளையும் வியந்துகொண்டுதான் நின்றாள். வாசலில் இரண்டு விரலில் பிளாஸ்திரியோடு காத்திருந்த அவளுடைய அம்மாவுக்கு என் மனமார்ந்த வாழ்த்துகள்.

என் மகன் செய்தது வடைப்பருப்பு. நெருப்பில்லாச் சமையல் என்னும் புதுமையைத் தாங்கள் அறிமுகப்படுத்துவதாக எழுதியிருந்தீர்கள். ராமநவமிக்குப் பானகம், நீர்மோர், வடைப்பருப்பு என்று அடுப்புப் பக்கமே போகாமல் நைவேத்தியத்தை முடிக்கிற பாட்டிகளுக்கு இந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை போலும்.

100 கிராம் பாசிப்பருப்பை ஊறப்போட்டுவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து பார்த்தான். ஒன்றை எடுத்து நகத்தால் கிள்ளுவான், போடுவான். வெள்ளரிக்காயை அவனே துருவினான். விரல் முட்டி துருவிக்குப் பக்கத்தில் வந்ததும் நிறுத்தி, மிச்சத் துண்டை வாயில் போட்டுக்கொண்டான். எலுமிச்சை பிழிந்ததில் ஏழு விதை உள்ளே விழுந்தது. ஏழையும் எண்ணி எடுத்தான். காலை எட்டு மணிக்கே உப்பையும் போட்டுவிட்டான். பதினொரு மணிக்கு நடுவர்கள் வந்தபோது பருப்பு குளத்தில் மிதந்தது. 'நீர்த்துவிட்டது' என்று குறித்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

உப்புப் பட்டால் வெள்ளரிக்காய் தண்ணீர் விடும் என்று அவனுக்கு அன்றைக்குத்தான் தெரியும். பின்னாளில் இதற்குச் சவ்வூடு பரவல் என்று பெயர் வைத்து, உருளைக்கிழங்கைக் குடைந்து, ரெக்கார்டு நோட்டில் படம் வரையச் சொல்வீர்கள். "அடுத்த தடவை உப்ப அங்க போய்ப் போட்டுக்கறேம்மா" என்று வேன் ஏறும்போதே சொல்லிவிட்டான். இதற்கு மதிப்பெண் பட்டியலில் இடம் இருந்ததாகத் தெரியவில்லை.

இத்துடன் ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் நெருப்பு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் முக்காலியில் ஏறி நின்று, என் கை தன் முதுகில் இருக்க, கேரட் தயிர்ப் பச்சடிக்குத் தாளிக்கிறான். இடது கையில் தட்டு, கேடயம் மாதிரி. கடுகுக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி முட்டித்தான் வெடிக்கிறது என்று ஒருநாள் சொன்னேன். அன்றிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறான். படபடவென்று பொரிந்து, சத்தம் ஓய்ந்து வரும்போது உளுத்தம்பருப்பு. அது சிவந்ததும் கறிவேப்பிலை, அதுவும் சட்டையில் ஈரம் துடைத்த பிறகு. இதுவரை பட்ட காயம்: மணிக்கட்டில் ஒரு கடுகு. அழுகை: இரண்டு நிமிடம். தீய்ந்த கரண்டி: ஒன்று.

தானே சமைத்ததைப் பிள்ளை தட்டாமல் சாப்பிடும் என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்களே, அதை நம்பாதீர்கள். இவன் கேரட்டை இன்னும் ஓரமாக ஒதுக்கி அப்பா தட்டில்தான் தள்ளுகிறான். தாளித்த உளுத்தம்பருப்பை மட்டும் பொறுக்கித் தின்கிறான்.

ஆகவே, அடுத்த ஆண்டு பெற்றோருக்கென்று தனிப் பிரிவு தொடங்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மயில்கள் அங்கே தோகை விரிக்கட்டும். பிள்ளைகளிடம் ஒரு துருவி, ஒரு வெள்ளரிக்காய், ஒரு மூடி எலுமிச்சை கொடுத்துவிட்டுப் பத்து நிமிடம் பேசாமல் இருங்கள். தரை துடைக்க நான் வருகிறேன், துணியும் கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வடைப்பருப்புப் பையனின் அம்மா.

இணைப்பு: பங்கேற்புச் சான்றிதழ். 'செல்வி' என்று அச்சாகியிருப்பதைச் 'செல்வன்' என்று திருத்தித் தரவும்.

நகல்: டப்பாவில் தேங்கிய தண்ணீரை "சூப்பரா இருக்குடா" என்று மொத்தமாகக் குடித்துத் தீர்த்த பக்கத்து பெஞ்சு மாணவனுக்கு.