பட்டையைக் கிளப்பும் கேள்விகள்

குற்றாலத்தில் சீசன் களைகட்டிவிட்டது. வருஷம் முழுக்க வீட்டுக் கொட்டகையில் தூங்கிய பழைய கார்கள், சாரல் விழுந்ததும் சோம்பல் முறித்துக்கொண்டு அருவிக்குக் கிளம்புகின்றன. கூடவே கேள்விகளும் கிளம்பியிருக்கின்றன. இந்த வாரக் கடிதங்களில் பாதிக்கு மேல் பின்சக்கரத்துப் பட்டைகளை, அதாவது லீஃப் ஸ்பிரிங்குகளைப் பற்றியவை. ஆகவே இந்த இதழ் முழுக்கப் பட்டைக்கே.

● அண்ணாச்சி, அப்பா வாங்கிய 1984 மாடல் அம்பாசடர் வைத்திருக்கிறேன். சொந்தக்காரர்கள் எட்டுப் பேர் ஏறினால் பின்பக்கம் தரையோடு தரையாக உட்கார்ந்துவிடுகிறது. பக்கத்துக்கு ஒரு பட்டை கூட்டிப் போடலாமா?
– வாசகர், தென்காசி

முதலில் மூன்று பேரை டவுன் பஸ்ஸில் ஐந்தருவிக்கு அனுப்புங்கள். அதன் பிறகும் வண்டி உட்கார்ந்தால் பட்டையைப் பார்ப்போம்.

காலி வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரண்டு பக்கமும் டேப் பிடித்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்திருந்தால் அங்கே பட்டை தளர்ந்திருக்கும், இல்லையென்றால் உடைந்திருக்கும். இரண்டு பக்கமும் ஒன்றுபோலத் தாழ்ந்து, வில்லாக இருக்க வேண்டியது ஸ்கேல் மாதிரி நேராகிவிட்டிருந்தால் பட்டைக்கு வயசாகிவிட்டது.

வயசான பட்டை இழப்பது வளைவைத்தான். விறைப்பு ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். நீங்கள் ஒரு பட்டையைக் கூட்டினால் கூடுவது விறைப்பு. ஒரே கனத்தில் ஐந்து பட்டை உள்ள கட்டில் ஆறாவதைச் சேர்த்தால் விறைப்பு 20 சதவீதம் வரை ஏறும். அந்த எட்டுப் பேர் இறங்கிப் போன பிறகு, மீதி பத்து மாசமும் காலி வண்டி உங்கள் முதுகெலும்பை எண்ணிக்கொண்டே ஓடும். தளர்ந்த பட்டைகளுக்கு நடுவே வளைந்து நிற்கும் புதுப் பட்டைதான் முதலில் பாரத்தை வாங்கும். முதலில் முறிவதும் அதுதான். கம்பெனி அளவிலேயே இரண்டு பக்கக் கட்டையும் சேர்த்து மாற்றுங்கள். அம்பாசடருக்கு அதுவே போதும்.

● எண்ணிக்கையைக் கூட்டாமல், கனமான பட்டையாகப் போட்டால்?
– வாசகர், சுரண்டை

எண்ணிக்கை கூட்டலில் ஏறும். கனம் பெருக்கலில் ஏறும். பட்டையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பின்பற்றுகிறது. கனத்தை இரண்டு மடங்காக்கினால் விறைப்பு எட்டு மடங்கு. 6 மில்லிமீட்டரை 8 ஆக்கினாலே அந்தப் பட்டையின் விறைப்பு இரண்டேகால் மடங்கைத் தாண்டிவிடும். அதோடு, ஒரே அளவு வளையும்போது தடித்த பட்டைக்குள் இழுவிசையும் அதிகம். மெல்லிய பட்டைகளோடு அதைச் சேர்த்துக் கட்டினால் கூட்டத்தில் ஒருவர் மட்டும் பல்லக்குத் தூக்கிய கதையாகிவிடும்.

● சாரல் தொடங்கினால் என் வண்டியின் பின்னால் 'கிரீச் கிரீச்' என்று சத்தம். தெருவே திரும்பிப் பார்க்கிறது. பழைய ஆயிலை ஊற்றச் சொல்கிறார்கள்.
– வாசகி, இலஞ்சி

ஊற்றாதீர்கள் அம்மா. ஆயில் ரப்பர் புஷ்ஷைத் தின்னும், ரோட்டுப் புழுதியைக் கூட்டிவந்து பட்டைகளுக்கு நடுவே அரைக்கும்.

ஒருமுறை பட்டறையில் கட்டைப் பிரிக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். சென்டர் போல்ட்டைக் கழற்றியதும் பட்டைகள் தனித்தனியாகத் துள்ளி விலகும். நடுவிலிருந்து செந்துரு சில்லுச் சில்லாக உதிரும். ஒவ்வொரு பட்டையின் நுனியும் தனக்கு மேலே உள்ள பட்டையில் நகத்தால் கீறியதுபோல ஒரு பள்ளம் போட்டிருக்கும். பட்டை அந்தப் பள்ளத்திலும் விரிசல் விடும். விரலால் தடவினாலே பள்ளம் தட்டுப்பட்டால் அந்தப் பட்டையைத் திரும்ப மாட்டாதீர்கள். மற்றவற்றைக் கம்பிப் பிரஷ்ஷால் துருப்போகத் தேய்த்து, கிராஃபைட் கிரீஸை மெலிதாகத் தடவிக் கட்டச் சொல்லுங்கள். அதற்கு முன் ஷாக்கிளையும் புஷ்ஷையும் அசைத்துப் பாருங்கள். பாதிச் சத்தம் அங்கிருந்துதான் வரும்.

● கொல்லுப்பட்டறையில் காய்ச்சி அடித்தால் பழைய வளைவு வந்துவிடும் என்கிறார்களே?
– வாசகர், புளியங்குடி

வளைவு வரும், நிற்காது. நம் பக்கத்துக் கொல்லர்கள் பழைய லாரிப் பட்டையில் அரிவாள் அடிக்கும் அழகை நான் மணிக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கைவேலையில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அரிவாளுக்கு வேண்டியது வெட்டும் விளிம்பு. வில்லுக்கு வேண்டியது லட்சம் தடவை வளைந்தாலும் திரும்பி வரும் குணம். அதற்கு எஃகை ஏறக்குறைய 850 டிகிரிக்குச் சூடாக்கி, எண்ணெயில் முக்கி, பிறகு 450 டிகிரியை ஒட்டி மறுபடியும் சூடாக்கி டெம்பர் ஏற்ற வேண்டும். அளவுமானி வைத்த சூளை உள்ள இடத்தில் செய்தால் சரி. கண்ணால் நிறம் பார்த்துச் செய்தால் ரெண்டு சீசனில் மறுபடியும் ஸ்கேல்தான். உடைந்த பட்டையை வெல்டிங் வைப்பதோ கூடவே கூடாது.

● பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்துக் காரின் உயரத்தை மாற்ற ஆசை. ரீல்ஸில் எல்லாரும் செய்கிறார்கள்!
– வாசகர், கடையநல்லூர்

தம்பி, ரீல்ஸ் முப்பது விநாடியில் முடிந்துவிடும். புளியரை மலைச்சாலையின் எஸ் வளைவு அப்படி முடியாது.

உயரம் மாறினால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறும். கிராஸ் ஜாயிண்ட் அதிர்ந்தே தேயும். உயர்த்தினால் பிரேக் ஹோஸ் இழுபடும். பின்பக்கத்தை மட்டும் விறைப்பாக்கினால், மழையில் நனைந்த வளைவில் வால் வெளியே வழுக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, ஆர்.சி. புத்தக விவரம் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. சட்டம் அனுமதிக்காத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். தேய்ந்ததை அதே அளவில் மாற்றினால் எந்தப் பயமும் இல்லை.

● பட்டையைத் தூக்கிப்போட்டுச் சுருள் ஸ்பிரிங் மாட்டினால் என்ன?
– வாசகர், ஆய்க்குடி

பட்டை ஒரு சம்பளத்துக்கு மூன்று வேலை பார்க்கிறது. பாரம் தாங்குகிறது, பின் அச்சை இடம் மாறாமல் பிடிக்கிறது, ஆக்ஸிலரேட்டரிலும் பிரேக்கிலும் அச்சு முறுக்கிக்கொள்ளாமல் தடுக்கிறது. சுருள் பார்ப்பது முதல் வேலையை மட்டும். மற்ற இரண்டுக்கும் தனிக் கைகள் வைத்து, சேஸிஸில் புதுப் பிடிமானம் போட வேண்டும். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரில் பின்னால் குறுக்காக ஒரே வில். இரண்டு சக்கரமும் தனித்தனியே ஆடும். அதே கம்பெனி 1972-ல் கொண்டுவந்த கெசல் காரில் அந்த அமைப்பைக் கைவிட்டு ஒரே நேர் அச்சுக்குப் போனார்கள். கம்பெனியே வரைபடம் போட்டுச் செய்யும் வேலை இது. புளிய மரத்தடியில் ஒரு மத்தியானத்தில் முடிகிற காரியம் இல்லை.

● இந்தப் பட்டை வில் காரோடு வந்ததா?
– மாணவி, செங்கோட்டை

காருக்கு மிகவும் மூத்தது. 1804-ல் இங்கிலாந்தில் ஒபதையா எலியட் பட்டை வில் பொருத்திய குதிரை வண்டிக்குக் காப்புரிமை வாங்கினார். நம் தாத்தாக்கள் ஏறிய வில்வண்டியின் 'வில்' இதே வில்தான். மாடுகள் இழுக்கும் அந்த வண்டி அந்தஸ்தின் அடையாளம். ஒடுக்கப்பட்ட மக்கள் பொதுச் சாலையில் போகவே தடை இருந்த திருவிதாங்கூரில், 1893-ல் அந்த மக்களில் ஒருவரான அய்யன்காளி ஒரு வில்வண்டியை வாங்கி அந்தச் சாலையிலேயே ஓட்டிக் காட்டினார். உங்கள் செங்கோட்டையும் அப்போது அந்தத் திருவிதாங்கூரோடுதான் இருந்தது. அடுத்த முறை பட்டையைப் பார்க்கும்போது அந்தச் சாலையையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

● பட்டைக் கட்டு மாற்றியாயிற்று. இனி என்ன கவனிக்க வேண்டும்?
– வாசகர், பாவூர்சத்திரம்

யூ போல்ட்டைப் புதிதாகப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். ரப்பர் புஷ் போல்ட்டுகளை, சக்கரம் தரையில் நின்று வண்டிப் பாரம் இறங்கிய பிறகே கடைசி முறுக்கு முறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போது முறுக்கினால் புஷ் திருகிக்கொண்டே கிடந்து கிழியும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டை மறுபடியும் முறுக்குங்கள்.

● அம்பாசடர் உற்பத்தியே 2014-ல் நின்றுவிட்டது. இவ்வளவு பாடுபட வேண்டுமா?
– வாசகர், மேலகரம்

வேண்டும். உத்தரபாராவில் நின்றது தொழிற்சாலை. உங்கள் வாசலில் நிற்பது ஓடுகிற வண்டி. ஆட்களை ஏற்றிக்கொண்டு பழைய குற்றாலம் போங்கள். எல்லாரும் துண்டோடு இறங்கி அருவிப் பக்கம் நடந்த பிறகு, கிளம்பும் முன் வீட்டில் காலி வண்டியை அளந்து எழுதிவைத்த எண்ணை எடுத்து, டேப்பைப் பின் மட்கார்டில் பிடியுங்கள். வண்டி அந்த உயரத்துக்குத் திரும்பியிருந்தால் வில் உயிரோடு இருக்கிறது. டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டு நீங்களும் குளிக்கப் போகலாம்.